யூரியேஸை முடக்கினால் வயிற்றுக் கிருமி ஒழிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு எச். பைலோரி தொற்று இருக்கிறது, 14 நாள் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு மூலிகைச் சாறு இந்தக் கிருமியின் நொதியையே முடக்குவதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்களாம். மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிக்கலாமா?

வேண்டாம். செய்தி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது சொல்வது நீங்கள் நினைப்பதைவிடச் சின்ன விஷயம்.

அந்த நொதி யூரியேஸ். யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். அந்த அம்மோனியா அக்கம்பக்கத்து அமிலத்தைத் தணிப்பதால்தான் கிருமி இரைப்பையில் தாக்குப்பிடிக்கிறது. சரி, ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் நொதி, யூரியா, சோதிக்க வேண்டிய சாறு மூன்றையும் விட்டு, அப்புறம் அம்மோனியா இருந்தால் நீலமாகும் ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். நீலம் வெளிறினால் நொதி தடைபட்டதாகக் கணக்கு. சில சமயம் சாறு அந்த நிற வினையையே கெடுத்து ஆளை ஏமாற்றும், அது தனிக் கூத்து. இதில் இன்னொன்று, பல ஆய்வுகளில் அந்த நொதி கிருமியுடையதே அல்ல, ஜாக் பீன் என்ற அவரை வகை விதையிலிருந்து எடுத்தது (1926-இல் ஜேம்ஸ் சம்னர் படிகமாக்கிக் காட்டியது இதைத்தான்).

இரைப்பையில் கதையே வேறு. சாறு அமிலத்தில் சிதையாமல், சளிப்படலத்தைத் தாண்டி, கிருமியின் உள்ளே போக வேண்டும், ஏனென்றால் யூரியேஸில் பெரும்பகுதி இருப்பது அங்கேதான். போனாலும் நொதி முடங்குவதும் கிருமி சாவதும் ஒன்றல்ல. அமிலம் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் யூரியேஸ் இல்லாத ரகங்கள்கூட நன்றாகவே வளர்கின்றன. யூரியேஸைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே உண்டு, அசிட்டோஹைட்ராக்சாமிக் அமிலம். தொற்றால் வரும் ஒருவகைச் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுப்பார்கள், ஆனால் சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வரலாம், கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் யூரியா மூச்சுப் பரிசோதனை அளப்பதே யூரியேஸின் வேலையைத்தான். சாறு அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினால் போதும், உள்ளே கிருமி இருக்கும்போதே 'இல்லை' என்று முடிவு வரலாம். எனவே 14 நாளையும் முடியுங்கள், வயிற்றுப்போக்கோ வாய்க்கசப்போ தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மாத்திரைகளை முடித்துக் குறைந்தது 4 வாரமும், ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை நிறுத்தி 2 வாரமும் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள், சாறு ஏதாவது குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.