மேடையில் வரி மறந்தால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் பிசகில்லாமல் பாடுகிற பாட்டு, மேடையில் சரணம் வந்ததும் மறந்துவிடுகிறது. ஏன்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: நீங்கள் எப்போதும் பல்லவியிலிருந்தே பயிற்சியைத் தொடங்குகிறீர்கள் என்பதுதான் முதல் காரணமாக இருக்கும். நடுவில் தப்பினால் மறுபடி பல்லவி. இப்படியே போனால் தொடக்கம் நூறு தடவை பாடமாகியிருக்கும். கடைசிச் சரணம் இருபது தடவைகூடத் தேறாது.

இரண்டாவது காரணம் மெட்டு. சரணங்களுக்கெல்லாம் ஒரே மெட்டு என்றால், முதல் சரணத்தின் முன்பாதியோடு மூன்றாவதன் பின்பாதி ஒட்டிக்கொள்ளும். ஸ்வரம் சரியாக இருப்பதால் பாடுகிறவருக்கே உறைக்காது. மெட்டு வேறு வேறாக இருந்தாலும் வரிசை தடுமாறும். தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளில் ஒன்றான, ஸ்ரீராகத்து ‘எந்தரோ மகானுபாவுலு’வில் 10 சரணங்கள். ஒவ்வொன்றும் முடிந்து பல்லவிக்கு வந்து நிற்கும்போது, அடுத்தது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு சரணத்தின் முதல் சொல்லையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். குலுக்கி எடுங்கள். வந்த சரணத்தை, பல்லவியைத் தொடாமல், நேராக ஆரம்பியுங்கள். பிறகு மெட்டே இல்லாமல், தாளம் போட்டுக்கொண்டு சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, மட்டும் சொல்லுங்கள். மெட்டின் துணை போனதும் ஓட்டைகள் எங்கே என்று தெரிந்துவிடும். மறுநாள் காலை, பார்க்காமல் எழுதிப் பாருங்கள். பேனா நிற்கிற இடம்தான் மேடையிலும் நிற்கப்போகிற இடம்.

கேள்வி: அடுத்த வரி வரவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் என்ன செய்வது?
(வாசகர், ஈரோடு)

பதில்: தாளத்தை விடாதீர்கள். கை நின்றால்தான் கச்சேரி நிற்கும். பாடி முடித்த வரியையே இன்னொரு சங்கதியோடு, அதாவது மெட்டைச் சற்றே மாற்றி, திருப்பிப் பாடுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (8 தட்டு கொண்ட ஒரு சுற்று) 6 வினாடி; இரண்டு தடவை திருப்பினால் 12 வினாடி கிடைக்கும். துழாவுவதை நிறுத்தியதும் சொல் தானாக வருவது வழக்கம். வராவிட்டால் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) பிசகாமல் பல்லவிக்குத் திரும்பிவிடுங்கள். பின்னால் தம்புரா போடும் மாணவருக்குச் சாகித்தியம் பாடம் என்றால், முதல் எழுத்தை மட்டும் மெல்லச் சொல்லும்படி முன்பே பேசி வையுங்கள். அந்த ஓர் எழுத்து போதும்.

மெல்லிசையில் கணக்கு வேறு. மைனஸ் ஒன் டிராக், அதாவது குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு, உங்களுக்காகக் காத்திருக்காது. தவறிய வரியைத் துரத்திப் பிடிக்கப் போனால் அடுத்த வரியும் போகும். அந்த இடத்தை அகாரத்தில், சொல் இல்லாமல் ‘ஆ’ என்று, மெட்டாகவே நிரப்பிவிட்டு, அடுத்த வரியை அதன் இடத்தில் எடுங்கள்.

கேள்வி: ஐபேட் வைத்துக்கொள்வது கௌரவக் குறைவா?
(வாசகர், திருச்சி)

பதில்: இல்லவே இல்லை. சாகித்தியத்தைச் சிதைப்பதுதான் குறைவு. ஆனால் முழுப் பாட்டையும் அதில் வைக்காதீர்கள். தலையைத் தூக்கி மறுபடி பார்க்கும்போது வரி தப்பும். வரிக்கு முதல் இரண்டு சொல், பெரிய எழுத்தில், ஒரு பாட்டுக்கு ஒரே பக்கம். திரை தானாக அணைவதை நிறுத்துங்கள், ஃபிளைட் மோடில் போடுங்கள். காகிதம் என்றால் கிளிப் கட்டாயம், மின்விசிறி பறக்கடித்துவிடும். தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாடல்களைத் தமிழில் எழுதும்போது, ‘க’வின் நான்கு ஒலிகளையும் (ka, kha, ga, gha) க, க2, க3, க4 என்று எண் போட்டு எழுதுங்கள். எண் போடாமல் எல்லாவற்றையும் ‘க’ என்றே எழுதினால், அவசரத்தில் எப்படி வேண்டுமானாலும் வாயில் வரும்.

கேள்வி: மறந்த இடத்தில் சொந்தச் சொல் போடலாமா?
(வாசகி, சேலம்)

பதில்: ஜாஸில் அதற்கு மரபு உண்டு. 1960இல் பெர்லினில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ‘மேக் த நைஃப்’ பாடும்போது வரிகளை மறந்து, தானே புனைந்து பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருதே கிடைத்தது. சொல்லும் மெட்டும் தாமே இயற்றிய வாக்கேயக்காரரின் கீர்த்தனையில் அது கூடாது. அகாரம் பிழையல்ல, தவறான சொல் பிழை.

மறக்காமலே சொல் மாறுவதும் உண்டு. திருப்புகழைச் சந்தப்படி அச்சிடும்போது ‘நாத விந்துக லாதீ’ என்று பிரிப்பார்கள். சொல்லோ ‘விந்து’, ‘கலாதீ’. ‘விந்துக’வில் மூச்சு விட்டால் பொருள் அறுந்துபோகும். பாடம் பண்ணும் முன்பே பதம் பிரித்து எழுதி, மூச்சு விடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.