வந்தவர்களின் பட்டியல்

அன்புள்ள சேருக்கு,

உங்கள் தளத்தை எனக்குக் காட்டியதே மகள்தான். பத்தாம் ஆண்டு படிக்கிறாள். 'மட்டக்களப்பின் பத்து முக்கிய நாட்கள்' என்று ஒரு சுவர்ப்பத்திரிகை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு சேர்த்துவிட்டாள்: 1602 ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் வருகை, 1628 போர்த்துக்கீசர் கோட்டை, 1638 மே 18 ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தது, 1814 வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியது, 1873 புனித மைக்கேல் கல்லூரி, 1928 ரயில், 1986 கிழக்குப் பல்கலைக்கழகம். இன்னும் மூன்று வேண்டும். பிழை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கல்லாறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிழை இல்லை. மகள் கவனமாகத்தான் எடுத்திருக்கிறாள். ஆனால் பட்டியலை இரண்டாம் தரம் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாரும் எங்கிருந்தோ வருகிறார்கள். கப்பலில் வருகிறார்கள், பிறகு ரயிலே வருகிறது. ஏற்கெனவே இங்கே இருந்த சனம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அதில் தெரியவில்லை. இது மகளின் குற்றமில்லை. எழுதி வைத்தவர்கள் வந்தவர்கள், அவ்வளவுதான்.

முதலில் 1638. கோட்டை விழுந்தது மே 18, சரி. ஆனால் அதைவிடப் பெரிய நாள் ஐந்து நாள் கழித்து, மே 23. அன்றைக்குத்தான் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் உடன்படிக்கை எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிற்கலாம், 'அரசன் விரும்பினால்' என்று போர்த்துக்கீச மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தப் பிரதியில் அந்த 'விரும்பினால்' இல்லை. போர்த்துக்கீசரைத் துரத்தக் கூட்டி வந்த ஆட்கள் கரையோரத்தை விட்டுப் போனது 1796இல்! இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இதைச் சொல்வார்கள். புளியந்தீவில் அந்தக் கோட்டைக்குள் நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், இருந்தது. பிறப்புச் சான்றிதழுக்கு அங்கே வரிசையில் நின்ற நாட்களில் எனக்கு இந்த ஒரு சொல்தான் ஞாபகத்துக்கு வரும். கடதாசியில் ஒரு சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல இடம் எது?

ஓல்ட் பாதிரியாரைப் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள். 1814 நடுவில் வந்தவர் 1815 ஏப்ரல் 1இல் இறந்துபோனார். ஒரு வருடம்கூட முழுதாக இருக்கவில்லை. பள்ளிக்கூடம் இருநூறு வருடம் தாண்டி நிற்கிறது.

இனிச் சேர்க்க வேண்டியவை. 1961 ஏப்ரல். அந்த மாதம்தான் மட்டக்களப்பின் தெற்குப் பாதியை வெட்டி அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். யாரும் இதை ஒரு 'நாளாக' நினைவு வைத்திருப்பதில்லை, வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லைதானே. ஆனால் அதன் வேர் 1949இல் இருக்கிறது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டத் தொடங்கிய வருடம் அது. கல்லோயாத் திட்டம். தண்ணீர் வந்தது, வெளியிலிருந்து குடியேற்றம் வந்தது, பிறகு மாவட்டமே வேறானது. கல்முனைக்காரர் கச்சேரி அலுவலுக்கு வடக்கே மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்தவர்கள், அதன்பிறகு மேற்கே அம்பாறை நகருக்குப் போக வேண்டியதாயிற்று. விபுலானந்த அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தபோது அது மட்டக்களப்பு. இன்றைக்கு அம்பாறை. சமாதி இருப்பது கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்தா பள்ளிக்கூட வளவில். ஆக, ஆள் எந்த மாவட்டம் என்று கேட்டால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும். அவரையும் போடுங்கள்: 1947 ஜூன், பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய 'யாழ்நூல்' அரங்கேற்றம். அது நடந்தது தமிழ்நாட்டில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். அடுத்த மாதம் 19ஆம் தேதி அடிகள் காலமானார். பட்டியலில் இங்கிருந்து வெளியே போன ஒன்றாவது இருக்கட்டும்.

அப்புறம் 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை, சூறாவளி அடித்த நாள். இது இல்லாமல் எப்படிப் பட்டியல் போட்டாள் என்றுதான் எனக்கு ஆச்சரியம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருவரின் வயதைக் கேட்டுப் பாருங்கள். 'சூறாவளிக்கு முந்தின வருஷம் பிறந்தவன்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அப்போது பத்து வயது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அம்மம்மா வீட்டில் இருந்தோம். பின்னேரமே வாடை பிடித்துவிட்டது. இரவில் கூரை போனது. நெல் மூட்டைகளுக்கு நடுவில் எங்களைப் படுக்க வைத்து மேலே பாயைப் போட்டார்கள். பிறகு திடீரென்று எல்லாம் ஓய்ந்தது. அப்பா வெளியே போகப் பார்த்தார். அம்மம்மா கையைப் பிடித்து இழுத்து, "போகாத மனே, அது மூச்சு விடுது" என்றார். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் காற்று மறுபக்கம் திரும்பி, சோளகப் பக்கமிருந்து, அதாவது தெற்கிலிருந்து, அடித்தது. முதல் காற்றில் சாய்ந்து நின்ற மரங்களை அதுதான் முடித்தது. சூறாவளியின் கண் எங்களைக் கடந்தது என்பது பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் கிட்டத்தட்ட மொத்தமாகப் போயின. விடிந்தபோது நான் பார்த்தது, ஒரே திசைக்குத் தலை வைத்துப் படுத்துக் கிடந்த தென்னைகளை. அந்த வருடம் விழுந்த மரத்து ஓலையில் கிடுகு பின்னி வீட்டை மூடினோம். அடுத்த வருடம் பின்ன ஓலை இல்லை. தேங்காயைக் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டி வந்தபோது அம்மம்மா அவமானப்பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வளவில் புதுக்கன்று காய்க்க ஏழு வருடமானது.

2004 டிசம்பர் 26, சுனாமி நாளைப் பற்றிக் கல்லாற்றுக்காரர் உங்களுக்கு நான் என்ன சொல்ல? அதை மகள் ஏன் விட்டாள் என்று கேட்காதீர்கள். வீட்டில் பேசாத நாளாக இருக்கலாம். போட விரும்பினால் போடட்டும்.

கூட்டிப் பார்த்தால் பதினொன்று வருகிறது. ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் 1873இல் கை வைக்காதீர்கள், பழைய மாணவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஸ்பில்பேர்கனை எடுத்துவிடலாம். இறங்கினார், கண்டிக்குப் போய் அரசனைப் பார்த்தார், திரும்பிக் கப்பலேறிவிட்டார்.