அமெரிக்காவில் காப்பக நாய்களோடு போலீஸார் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவதால் அவற்றுக்கு உண்மையிலேயே வீடு கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இதை எழுதும்போது என் காலடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் கறுப்பி அப்படித்தான் எங்களிடம் வந்தாள்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 2019-இல் ஒரு நாள் ஊர் போலீஸின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் வந்தது. ரோந்து காரின் முன்சீட்டில் ஒரு கறுப்பு நாய், போலீஸ்காரரின் தோளில் தலையைச் சாய்த்திருந்தது. அவருடைய சட்டைக்கை முழுக்க அதன் எச்சில். கீழே அவரே எழுதியிருந்தார்: இன்று என்னோடு ரோந்து வந்தாள், சைரன் போட்டும் மிரளவில்லை, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு தடவியபோது அசையாமல் நின்றாள், நடக்கும்போது கயிற்றை இழுப்பாள், பூனையைக் கண்டால் சும்மா இருக்க மாட்டாள், காப்பகத்துக்கு வந்து 71 நாள் ஆகிறது.

"அம்மா, இது நாம பார்த்த நாய்" என்றாள் என் மகள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் வெள்ளைத் திட்டைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அந்தக் காப்பகத்துக்குப் போயிருந்தோம். சிமெண்ட் தரை, வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஒரு நாய் குரைத்தால் அத்தனையும் குரைக்கும். அந்த எதிரொலியில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கறுப்பி கம்பியில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, பல் தெரியக் குரைத்துக்கொண்டிருந்தாள். 'இது கடிச்சிரும்' என்று மகளை இழுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போய்விட்டேன். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதே நாய்தான் ஒரு மனிதரின் தோளில் தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

அந்தப் படம் அழகாக இருந்ததால் வேலை செய்தது என்று நான் நினைக்கவில்லை. கூண்டுக்கு வெளியே அந்த நாய் எப்படி இருக்கும் என்பதை அது காட்டியது. கார், கூட்டம், குழந்தைகள், சத்தம் என்று வீட்டுக்கு அழைத்துப்போக நினைப்பவருக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டார். அரிசோனா ஸ்டேட், வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 51 காப்பகங்களில் இதைப் பார்த்து 2023-இல் வெளியிட்டார்கள். சில மணி நேரம் வெளியே கூட்டிப்போன நாய்கள் தத்துப்போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடியிருந்தது. ஓரிரு இரவு யாராவது வீட்டில் வைத்திருந்த நாய்களுக்கு 14 மடங்கு. போலீஸ்காரர்தான் கூட்டிப்போக வேண்டும் என்றில்லை, யார் போனாலும் சரி. ஆனால் ஊரே பார்க்கும் பக்கம் போலீஸிடம் இருக்கிறது, நாள் முழுக்க ஊரைச் சுற்றும் வேலையும் அவர்களுக்குத்தான்.

போலீஸுக்கு இதெல்லாம் வேலையா என்று நம் ஊரில் இருந்து பார்த்தால் தோன்றும். இங்கே பல ஊர்களில் தெருவில் திரியும் நாயைப் பிடிக்கிற பிரிவே காவல்துறையின் கீழ்தான் வருகிறது. நியூயார்க்கில் 1866-இல் ஹென்றி பெர்க் தொடங்கிய விலங்குவதைத் தடுப்புச் சங்கத்துக்கு, வதை செய்பவர்களைக் கைது செய்யும் அதிகாரமே இருந்தது. 2014-இல்தான் அந்தப் பொறுப்பு நகரப் போலீஸின் கைக்கு மாறியது. மீட்ட விலங்குகளுக்கு வைத்தியமும் பராமரிப்பும் இன்றும் சங்கத்தின் பொறுப்பு. ஆக, காப்பகத்துக்குள் நாயைக் கொண்டுபோய் விடும் அதே கை வெளியே கூட்டிவரவும் உதவுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அமெரிக்கக் காப்பகங்களுக்கு 2024-இல் வந்த நாய், பூனைகள் சுமார் 58 லட்சம். அவற்றில் ஏறத்தாழ 6 லட்சம் ஊசி போட்டுக் கொல்லப்பட்டன. இடம் இல்லாததும் ஆள் இல்லாததும் பெரிய காரணங்கள்.

சரி, கறுப்பிக்கு வருகிறேன். மறுநாளே போனோம். அந்தப் போலீஸ்காரரும் வந்திருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். அவளுக்கு இதயப்புழு இருக்கிறது என்று முதலில் சொன்னதும் அவர்தான். டெக்சாஸில் கொசு அதிகம், கொசுக்கடியில் பரவும் இந்த நோய் காப்பக நாய்களிடம் சர்வசாதாரணம். இடுப்புத் தசையில் ஊசி போட்டு, அப்புறம் வாரக்கணக்கில் ஓடவிடாமல் வைத்திருக்க வேண்டும். ஓடினால் செத்த புழுக்கள் ரத்தக்குழாயை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. முன்கூட்டியே தெரியாமல் இருந்திருந்தால் பாதியில் திருப்பிக் கொடுத்திருப்போமோ என்னவோ. படத்தைப் பார்த்த ஆசையில் கூட்டிப்போய், பத்து நாளில் கொண்டுவந்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் குறையையும் சேர்த்துச் சொல்லும் பதிவுகளைத்தான் நான் நம்புவேன்.

கறுப்பு நாய்களை யாரும் சீக்கிரம் எடுப்பதில்லை என்று காப்பகத்தில் வேலை செய்யும் பெண் சொன்னார். படத்தில் முகம் சரியாக விழாதாம், சிலருக்குப் பயமாம். அந்த வருஷக் கடைசியில் மதுரையில் இருந்து வந்த என் அம்மா, நாய் வளர்ப்பதையே விரும்பாதவர், கறுப்பியைப் பார்த்ததும், "வைரவர் வாகனம்டி, கறுப்பு நாய் வீட்டுக்கு வர்றது நல்லதுக்குத்தான்" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் தட்டில் தயிர்சாதம் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார்.

போலீஸே காப்பக நாயைத் தத்தெடுத்து மோப்ப நாயாக ஆக்குவதும் உண்டு. டெக்சாஸ் காப்பகம் ஒன்றில் கிடந்த கியா என்ற பிட்புல் இன நாய் 2015-இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸி நகரப் போலீஸில் சேர்ந்தது. தலையில் காயத்தோடு வந்த நாய் அது. பிட்புல் என்ற பெயருக்கே பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் ஒரு காப்பகம் 2014-இல் கூண்டு அட்டைகளில் இனப்பெயர் எழுதுவதையே நிறுத்தியது. அதன்பின் அந்த வகை நாய்கள் கூடுதலாகத் தத்துப்போயின.

நம் நாட்டில் நிலைமை வேறு. மத்திய அரசின் 2023 விதிகளின்படி பொதுவாகத் தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காப்பகங்களில் தங்கிப்போவது பெரும்பாலும் அடிபட்டவையும் வளர்த்தவர்கள் கைவிட்டவையும்தான். சென்னை ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் அப்படி எத்தனையோ காத்திருக்கின்றன. மேற்கு வங்கத்தில் பாரக்பூர் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் காயத்தோடு கிடைத்த ஒரு தெருக்குட்டியை ஆஷா என்று பெயர் வைத்து வெடிகுண்டு மோப்பத்துக்குப் பழக்கினார்கள். நம் ஊர் ஸ்டேஷன் வாசல்களிலும் ஏட்டு போடும் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் நாய் ஒன்று எப்போதும் இருக்கிறது. அவரே பக்கத்துக் காப்பக நாயோடு ஒரு படம் எடுத்து, அது எப்படிப்பட்டது என்று நாலு வரி எழுதிப்போட்டால் போதும்.

அந்தப் போலீஸ்காரர் இன்னமும் எங்கள் தெருவில் ரோந்து வருகிறார். கார் முனை திரும்பும் முன்னாலேயே கறுப்பி எழுந்து கதவுக்குப் போய்விடுவாள். கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுவார், அவள் அந்தச் சட்டைக்கையை மறுபடி நனைப்பாள். போன வாரம் பின்சீட்டில் பீகிள் இனக் கிழட்டு நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. காப்பகத்துக்கு வந்து 40 நாள் ஆயிற்றாம். என் மகள் உடனே அதையும் படம் எடுத்து, வகுப்புத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டாள்.