மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மெட்ஃபார்மின் 500, அம்லோடிபின் 5, அடோர்வாஸ்டாட்டின் 10 வீட்டுக்கே வந்துவிடும். போன மாதம் பி.பி. கூடியதால் தனியார் டாக்டரிடம் காட்டினோம். அவர் மூன்று மாத்திரை எழுதினார். நான்கைந்து மாதமாக மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரையும் உண்டு. எல்லா அட்டைகளையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். இப்போது மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன. சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யாரோ சொல்லி, அப்பா மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். எந்த மாத்திரை எதற்கு, எது என்ன தொல்லை தரும் என்று நானே கற்றுக்கொள்ள முடியுமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். முதலில் கால் வீக்கத்தைப் பார்ப்போம். அதற்கான காரணம் பெரும்பாலும் நீங்கள் அனுப்பிய படங்களிலேயே இருக்கிறது.

தனியார் டாக்டர் எழுதிய பி.பி. மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இரண்டு எழுத்து இருக்கிறது, பாருங்கள். கீழே பொடி எழுத்தில் டெல்மிசார்டான் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. என்று அச்சாகியிருக்கிறது. வீட்டுக்கு வரும் அம்லோடிபினையும் அப்பா விடவில்லை. ஆக, ஒரே மருந்து இரண்டு அட்டையிலிருந்து தினம் 10 மி.கி. உள்ளே போகிறது. புது டாக்டரிடம் பழைய மாத்திரைகளை யாரும் காட்டியிருக்க மாட்டீர்கள். 10 மி.கி. அனுமதிக்கப்பட்ட அளவுதான், பதற வேண்டாம். ஆனால் இந்த மருந்து சின்ன ரத்தக் குழாய்களை விரியச் செய்துதான் பி.பி.யைக் குறைக்கிறது. அப்போது நீர் கசிந்து கணுக்காலில் தேங்குவது இதன் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். காலையில் வற்றி மாலையில் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வீங்குவது இதற்குப் பொருந்துகிறது. இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. அளவைக் குறைத்தாலே வடிந்துவிடும்.

இரண்டாவது, மெடிக்கல் மாத்திரை. அது அசிக்ளோஃபினாக் 100, பாரசிட்டமால் 325 சேர்ந்தது. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் மூன்றும் ஒரே குடும்பம். வலியைக் குறைக்கும், கூடவே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பி.பி.யை ஏற்றும், வயிற்றில் புண் உண்டாக்கும், கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டெல்மிசார்டான் சாப்பிடுகிறவருக்கு கிட்னி பாதிப்பு வர இன்னும் அதிக வாய்ப்பு. போன மாதம் பி.பி. கூடியதற்கே இந்த மாத்திரை காரணமாக இருக்கலாம். வலி மாத்திரையால் பி.பி. ஏற, அதற்கு இன்னொரு மாத்திரை சேர, அதனால் கால் வீங்க, வீக்கத்துக்கு மேலும் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். இந்தச் சங்கிலியை வயதானவர்களிடம் நிறையப் பார்க்கிறோம். டாக்டர் எழுதித் தராத அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். வலிக்குத் தனிப் பாரசிட்டமால் போதுமா என்று பாருங்கள். கல்லீரல் நன்றாக இருந்தால், இந்த வயதில் ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

சரி, மெட்ஃபார்மின். அது கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் அது உடம்பில் தங்கிவிடும் என்பதால்தான் ரத்தப் பரிசோதனை பார்த்து அளவைக் குறைக்கிறோம், மிகவும் பழுதாகியிருந்தால் நிறுத்துகிறோம். கட்டுப்படாத சர்க்கரையும் பி.பி.யும்தான் கிட்னியைக் கெடுப்பவை. கிட்னிக்குப் பயந்து மெட்ஃபார்மினை விட்டவர், அதைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையைத் தொடர்ந்திருக்கிறார் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டதாக அப்பா நினைக்கிறார். தனியார் டாக்டர் எழுதிய சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு 1 மி.கி.யோடு மெட்ஃபார்மின் 500-ம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பெனி வைத்த பெயரையோ, 'வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை' என்று நிறத்தையோ வைத்துக் கற்காதீர்கள். கடை மாறினால் இரண்டும் மாறிவிடும். பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள், முக்கியமாக அதன் வால் பகுதியை. 'சார்டான்' என்று முடிந்தால் பி.பி. மருந்து, பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது. 'ப்ரில்' என்று முடியும் எனலாப்ரில், ராமிப்ரில் அதன் பங்காளிகள். சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். மாதக்கணக்கில் இருமல் மருந்து குடித்துவிட்டு, கடைசியில் பி.பி. மாத்திரையை மாற்றியதும் சரியானவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வகையும் ஆகாது. 'லால்' என்று முடியும் அட்டினோலால், மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பைக் குறைக்கும். திடீரென்று நிறுத்தக் கூடாது. 'ஸ்டாட்டின்' கொழுப்புக்கு. காரணமில்லாமல் தொடை, தோள் தசைகள் வலித்தாலோ, சிறுநீர் பழுப்பாகப் போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். 'ப்ரசோல்' என்று முடியும் பான்டோப்ரசோல், ஓமெப்ரசோல் அமிலத்தைக் குறைப்பவை. காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் எடுக்க வேண்டும். அதே 'அசோல்' ஒலியுள்ள ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கான மருந்து, ஆகவே வாலை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள்.

மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் குறையும். வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், பான்டோப்ரசோலும் சேர்ந்தால் இன்னும் அதிகம். பாதம் மரத்துப்போனால் எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

கிளிமிபிரைடுதான் உடனடிக் கவனம் கேட்கும் மருந்து. அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வைக்கும். அமாவாசை, சஷ்டி என்று விரதமிருந்து காலைச் சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கருவி இல்லாவிட்டால் அறிகுறி போதும், காத்திருக்க வேண்டாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது.

இந்த வாரமே இரண்டு இடத்து மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரு டாக்டரிடம் கொண்டுபோங்கள். எந்த அம்லோடிபினை நிறுத்துவது, மெட்ஃபார்மின் மொத்தம் எவ்வளவு என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக பி.பி. மாத்திரையை நிறுத்த வேண்டாம். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், சிறுநீர் குறைந்தால், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் இந்த வாரம் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். அட்டையை வெட்டி வாங்கும்போது மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கடைக்காரரிடம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு தாளில் மருந்தின் பெயர், மி.கி., எதற்கு, எந்த வேளை என்று தமிழில் பெரிதாக எழுதி, அதைப் படமெடுத்து அப்பாவின் போனிலும் வையுங்கள்.