ஆறு எண்களைக் கேட்டு வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

நான் தேவகோட்டைக்காரன். ஏழு ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறேன். பினாங்கு நாட்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் உங்களுடைய சிவப்பு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் ஒரே வரியில் வந்துபோனது. இங்கே இப்போது அதே வண்டி, 1994 மாடல், விலைக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு அதன் மேல் பித்து. கேட்டவர்கள் எல்லாரும் "ரோட்டரி இன்ஜின், தொடாதே" என்கிறார்கள். விற்பவரோ இன்ஜின் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் ஆயில் மட்டும் குடிக்கும் என்கிறார். அப்பச்சியிடம் சொன்னால் "அந்தக் காசுக்கு ஊர் வீட்டு ஓட்டை மாற்று" என்பார்கள். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது? ஊர் திரும்பும்போது கொண்டுவர முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கான பதில் சிறியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். கொண்டுவர முடியாது. வெளிநாட்டில் ஓடிய கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருந்தால்தான் நம் நாட்டில் இறக்குமதி செய்யலாம். அந்த வண்டியின் உற்பத்தியோ 2002-லேயே நின்றுவிட்டது. கொண்டுவந்தாலும் என்ன செய்வீர்கள்? காரைக்குடியில் அம்பாசடர் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கி ஏற்றும் மெக்கானிக்குகள் இருந்தார்கள், இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் நம் பக்கத்தில் மாஸ்டா என்றால் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான். ஆகவே இந்த ஆசையை மலேசியாவில் இருக்கும் காலத்துக்கு மட்டுமான கணக்காகப் போடுங்கள்.

"தொடாதே" என்பவர்களில் பலர் அந்த இன்ஜினைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. நிலக்கடலை ஓட்டைப் போல இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள், மூன்று பக்கமும் சற்றே உப்பிய முக்கோணம் ஒன்று (ரோட்டார் என்பது இதுதான்), செக்கு உலக்கையைப் போலச் சுவரைத் தழுவியபடி சுற்றிவருகிறது. செக்கில் உலக்கை ஓரிடத்தில்தான் உரசும். இங்கே மூன்று முனைகளும் எந்நேரமும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தொடுவது ரோட்டார் அல்ல, அதன் முனைகளில் செருகியிருக்கும் ஏபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட இந்த இன்ஜினின் வரலாறே இந்தப் பட்டையைக் காப்பாற்றிய வரலாறுதான். 1967-இல் என்எஸ்யூ நிறுவனம் வெளியிட்ட ரோ 80 கார் இந்த சீல்களின் தேய்மானத்தால் பெயர் கெட்டது. அதே ஆண்டில் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி காரை வெளியிட்ட மாஸ்டாவில், பொறியாளர் கெனிச்சி யாமமோட்டோவின் குழு கூட்டுச் சுவரில் விழுந்த அலையலையான கீறல்களுக்குப் "பேயின் நகக் கீறல்" என்று பெயர் வைத்து, அதைத் தீர்க்கவே ஆண்டுக்கணக்கில் பாடுபட்டது.

நீங்கள் பார்த்திருக்கும் வண்டியில் இரண்டு ரோட்டார், ஆறு ஏபெக்ஸ் சீல். கொள்ளளவு 1308 சிசி மட்டுமே. ஜப்பானில் முதலில் வந்தபோது 255 குதிரைத்திறன். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு நெருப்பு எரிந்தால் வெப்பம் எங்கே போகும் என்பதுதான் உங்கள் பராமரிப்புக் கேள்வியின் முழு விஷயமும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். அந்த இன்ஜினின் அமைப்பு நம் வீட்டு டிபன் கேரியரைப் போன்றது. இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, மறுபடி இரும்பு என்று ஐந்து அடுக்குகளை நீண்ட போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் கசியாமலிருக்க ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. சூடேறினால் இரும்பு ஒரு விதமாகவும் அலுமினியம் வேறு விதமாகவும் விரியும். அளவு மீறினால் முதலில் சாவது அந்த வளையம். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டிலிருந்து காற்றைப் பிரிக்க அந்த வண்டியில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டி உண்டு. வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வெந்த பிளாஸ்டிக் வெடிக்கும், அலுமினியத் தொட்டியாக மாற்றிவிடு என்று எனக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். சம்பளம் வரட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து பினாங்கு திரும்பும் வழியில், ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி மேடேறும்போது, கூலண்டின் இனிப்பு வாடை வந்தது. வெப்பமானியைப் பார்த்தேன். முள் நடுவில், கோவில் யானையைப் போல அமைதியாக நின்றது. அந்த நம்பிக்கையில் இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினேன்.

அந்த முள் அப்படித்தான் நிற்கும் என்பதை நான் அதற்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். பரந்ததொரு வெப்ப எல்லைக்குள் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அது நடுவை விட்டு நகராது. நகரும்போது காரியம் கெட்டுப்போயிருக்கும். பட்டர்வொர்த்தில் ஒரு வயதான சீன மெக்கானிக் இன்ஜினை இறக்கி, அடுக்கு அடுக்காகப் பிரித்து, பள்ளத்திலிருந்து தண்ணீர் சீலை ஊசியால் நிமிண்டி எடுத்தார். உருண்டையாக இருக்க வேண்டியது வெந்த சேமியாவைப் போல நசுங்கித் தட்டையாகியிருந்தது. பிறகு ஒரு ஏபெக்ஸ் சீலை என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு, எட்டு சென்டிமீட்டர் நீளம். ஆச்சி காய் நறுக்கும் அரிவாள்மணையின் அலகு இதைவிடத் தடிப்பு. கூட்டின் உள்சுவரில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்து, நகம் எங்கும் தடுக்கவில்லை, கூட்டை மறுபடி பயன்படுத்தலாம் என்றார். அந்த நகம் தடுக்கியிருந்தால் எனக்குச் செலவு இரட்டிப்பாகியிருக்கும்.

ஆகவே நீங்கள் வாங்கினால், முதல் மாதத்திலேயே எண்ணாகக் காட்டும் தனி வெப்பமானி ஒன்றைப் பொருத்திவிடுங்கள்; தொட்டியையும், ரேடியேட்டர் ஹோஸ்களையும், தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுங்கள். பாட்டு கேட்கும் கருவி பிறகு வரட்டும்.

"ஆயில் குடிக்கும்" என்று விற்பவர் சொன்னது உண்மை, அது குறையும் அல்ல. ஏபெக்ஸ் சீல்களுக்கு வழுவழுப்பு வேண்டுமென்று ஒரு சிறு பம்ப் இன்ஜின் ஆயிலையே எரி அறைக்குள் அளந்து விடுகிறது. குடிக்கவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்; அந்த பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு, அதை உங்களிடம் சொல்லாமல் விற்றால் புதிய உரிமையாளர் கலக்காமல் ஓட்டி இன்ஜினைக் கொல்வார். நான் பம்ப்பை வைத்துக்கொண்டே, லிட்டருக்கு ஐந்து மில்லி கணக்கில் கலந்தும் வந்தேன். இது தேவையா என்பதில் ரோட்டரிக்காரர்களுக்குள் பங்காளிச் சண்டை அளவுக்குத் தகராறு உண்டு. எனக்கு இதனால் கெடுதல் எதுவும் நேரவில்லை.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ இரண்டு. முதலாவது தாழ்ந்த வேகத்திலேயே ஊதத் தொடங்கும். இரண்டாவது நிமிடத்துக்கு 4500 சுற்று வாக்கில் வந்து சேரும். இந்தக் கைமாற்றத்தை நடத்துவது இன்ஜினுக்கு மேலே இடியாப்பம் போலக் கிடக்கும் பல பத்து வாக்யூம் ஹோஸ்கள். முப்பது ஆண்டு வெப்பத்தில் அவை மரத்துப் போயிருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது பூஸ்ட் மீட்டரை, அதாவது டர்போ ஊதும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மானியைக் கவனியுங்கள். பத்து பிஎஸ்ஐ-க்கு ஏறி, கைமாறும் இடத்தில் எட்டுக்குச் சற்று இறங்கி, மறுபடி பத்துக்கு வந்தால் ஆரோக்கியம். அந்த இடத்தில் வண்டி தூங்கிவிட்டால் ஹோஸ்களைத் தேட வேண்டியிருக்கும். முந்தைய உரிமையாளர் பூஸ்டை ஏற்றி வைத்திருந்தால், அதற்கேற்ற பெட்ரோல் அளவை யார் அமைத்தார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் திரும்பிவிடுங்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் ஒரே ஒரு முறை பலமாக 'நாக்' அடித்தால் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்தால்) போதும், நான் சொன்ன பட்டை உடைந்து, அதன் துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவையும் கெடுக்கும். ரான் (ஆக்டேன் எண்) 97 பெட்ரோலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். 1991-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ரோட்டரி வென்றதே என்று விற்பவர் சொல்லக்கூடும். வென்றது உண்மை, அந்த நான்கு ரோட்டார் இன்ஜினில் டர்போ கிடையாது.

இன்னொரு பழக்கம். குளிர்ந்த இன்ஜினை உயிர்ப்பித்து, வண்டியை நாலடி நகர்த்தி, உடனே அணைக்காதீர்கள். பெட்ரோல் அறைக்குள் தேங்கிப் பிளக்குகள் நனைந்துவிடும், மறுபடி கிளம்ப அரைநாள் ஆகும். எடுத்தால் சூடேறும்வரை ஓட்டுங்கள். மாதக்கணக்கில் மூடியும் வைக்காதீர்கள். நம் ஊர்களில் பர்மாத் தேக்குத் தூண் நிற்கிற வீடுகள் ஆள் குடியிருந்தவரை நூறாண்டு தாங்கின. பூட்டிப் போட்ட பத்தாண்டில் கரையான் ஏறிவிட்டது. இந்த இன்ஜினிலும் நின்றால் சீல்கள் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும், கூலண்ட் வழியில் இரும்பு துருப்பிடிக்கும்.

அப்பச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழைக்கு முன் ஓடு மாற்றாத வீட்டில் பட்டாலை நனையும். ஓட்டையும் மாற்றி இதையும் வாங்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். வண்டி விலையில் பாதி அளவு தொகையை இன்ஜின் வேலைக்கென்று தனியே ஒதுக்க முடியாதென்றால் இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம். தினமும் அலுவலகம் போக வேறு வாகனம் இருக்க வேண்டும். ரோட்டரியைத் திறந்து மூடத் தெரிந்த ஒருவர் கிள்ளான் பள்ளத்தாக்கில் யார் என்பதை, வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தேடிக் கண்டுபிடியுங்கள்.

அவரிடமே வண்டியைக் கொண்டுபோய்க் கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் அறைக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண கேஜ் ரோட்டாரின் மூன்று முகங்களில் பலமானதை மட்டும் காட்டி ஏமாற்றும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ரோட்டாருக்கு மூன்றாக ஆறு எண்களைத் தரும். இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டும், நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்குத் திருத்திய அளவாக எழுதி வாங்க வேண்டும். ஆறும் சதுர சென்டிமீட்டருக்கு எட்டுக் கிலோவை ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நல்ல இன்ஜின். ஆறு கிலோவுக்குக் கீழே ஒன்று போனாலும் இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டிய வண்டி என்றே விலை பேசுங்கள். கருவி கிடைக்காவிட்டால் அரைமணி நேரம் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். சூட்டில் திணறிக் கிளம்பும் ரோட்டரி ஓய்ந்துபோன ரோட்டரி.

விற்பவர் சோதனைக்கு ஒப்புக்கொண்டால் அந்த ஆறு எண்களையும் எனக்கு எழுதுங்கள். விலையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.