கூட்டினால் மூக்கு இன்னும் ஒழுகும்

கேள்வி: வருடத்துக்கு மூன்று தடவையாவது சளி பிடித்துவிடுகிறது. நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட எந்த மாத்திரை நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். மூக்கு ஒழுகுவதும் காய்ச்சல் அடிப்பதும் பெரும்பாலும் வைரஸின் வேலை இல்லை. வைரஸைக் கண்டுகொண்ட உங்கள் உடம்பின் வேலை. அந்தச் சக்தியைக் கண்டபடி கூட்டினால் மூக்கு இன்னும் அதிகமாகத்தான் ஒழுகும். சளி தரும் வைரஸ்கள் 200க்கும் மேல். பெரும்பாலும் ஒவ்வொரு தடவையும் வருவது புது ஆள். அதற்குப் பொருந்தும் எதிர்ப்புச் செல்லைத் தேடிப் பிடித்துப் பெருக்க ஒரு வாரம்போல ஆகும். இதைப் பலவீனம் என்று யார் சொன்னது?

'எதிர்ப்பு' என்ற பெயரே நம்மைத் தப்பாக யோசிக்க வைக்கிறது. அடிப்பதைவிட, யாரை அடிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் உடம்புக்குப் பெரும் பாடு.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. கிருமியை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் படித்துத் தேறும் இடம் அது. ஒவ்வொரு செல்லும் தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டு, கிருமியைப் பற்றத் தனக்கென ஒரு 'பிடி'யைச் செய்துகொள்கிறது. இதனால் பார்த்தே இராத கிருமிக்கும் ஆள் தயார். ஆனால் நம்மையே கடிக்கிற ஆளும் அந்தக் கூட்டத்தில் உருவாகிவிடும். அதனால் தைமஸ், உடம்பின் சொந்தப் புரதங்களைக் காட்டிக் காட்டிச் சோதிக்கிறது. கணையத்தில் சுரக்க வேண்டிய இன்சுலினைக்கூட இதற்காகத் தானும் துளியளவு தயாரிக்கிறது! அதை இறுகப் பற்றும் செல் பெரும்பாலும் அங்கேயே சாகும். எதையும் பற்றத் தெரியாததும் சாகும். 100 செல் உள்ளே போனால் 5கூடத் தேறி வெளியே வருவது அபூர்வம்.

இவ்வளவு வடிகட்டியும் சில தப்பி வந்துவிடும். அவற்றை அடக்கிவைக்கவும் தனிச் செல்கள் உண்டு என்று ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் சேர்ந்து 2025இல் நோபல் பரிசு பெற்றார். முதல் வகை சர்க்கரை நோயில் அந்தக் கட்டுப்பாடு தவறிப்போகிறது. இன்சுலின் சுரக்கும் செல்களை நம் டி செல்களே அழிக்கின்றன. இது சக்தி குறைந்ததால் வந்த நோயா?

சரி, தடுப்பூசி? அது வேறு விஷயம். ஒரு குறிப்பிட்ட கிருமியின் முகத்தை முன்கூட்டியே காட்டிவைப்பது அது. அதைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். வருவது வெறும் சளி அல்ல, நிமோனியாவே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அப்போதும் விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.