முதலில் எந்தப் பள்ளிக் கட்டடம்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிய பள்ளிக் கட்டடங்களின் திறப்பு விழாச் செய்தி வெளியாகும் அதே நாளிதழில், வேறொரு பள்ளியில் மேற்கூரை பெயர்ந்து விழுந்த செய்தியும் வருகிறது. நிதி போதாத நிலையில் அரசு எதற்கு முதலிடம் கொடுக்க வேண்டும்?

பதில்: பிள்ளைகளின் தலைமேல் விழக்கூடிய நிலையில் உள்ள கூரையும் சுவரும்தான் முதலில் வர வேண்டும். மற்றத் தேவைகள் எவ்வளவு நியாயமானவையாக இருந்தாலும் அவற்றுக்குப் பின்னரே வர முடியும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எந்தக் கட்டடம் ஆபத்தானது என்பதை ஆய்வு செய்து வரிசைப்படுத்தாமல் இந்த முன்னுரிமையைச் சொல்வதால் பயனில்லை.

1933 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது மாலை ஆறு மணியை நெருங்கியிருந்ததால் வகுப்பறைகளில் மாணவர்கள் இல்லை. ஏறத்தாழ 70 பள்ளிகள் இடிந்துபோயின. ஒரே மாதத்தில், ஏப்ரல் 10 அன்று, பொதுப் பள்ளிக் கட்டடங்களின் வரைபடங்களை மாநில அரசின் வல்லுநர்கள் சரிபார்க்க வேண்டும், கட்டுமானத்தைத் தொடர்ந்து மேற்பார்வையிட வேண்டும் என்று வகுத்த ஃபீல்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் 2008 மே 12 அன்று நிலம் அதிர்ந்ததோ பிற்பகல் வகுப்பு நேரத்தில். இறந்தோ காணாமலோ போன மாணவர்கள், அரசுக் கணக்கின்படியே 5,335 பேர்.

அந்தத் துயரத்தைக் கண்டு ஜப்பான் செய்ததை ஒவ்வொரு நாட்டின் கல்வித் துறையும் கவனிக்க வேண்டும். அடுத்த மாதமே தன் சட்டத்தைத் திருத்திய அந்நாடு, மிகவும் வலுக்குறைந்த பள்ளிக் கட்டடங்களைப் பலப்படுத்த நடுவண் அரசு தரும் பங்கைச் செலவில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டாக உயர்த்தியதுடன், உள்ளாட்சிகள் தங்கள் பள்ளிகளின் உறுதித்தன்மையைச் சோதித்து, முடிவை வெளியிட வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. 2002-இல் அங்கு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் 44.5 விழுக்காடுதான் நிலநடுக்கத்தைத் தாங்கும் வலுவுடன் இருந்தன. 2015-இல் அது 95 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பணத்தைப் போலவே அந்த வெளிப்படைத்தன்மையும் இதற்கு உதவியது என்பது என் உறுதியான எண்ணம். தம் பிள்ளை படிக்கும் கட்டடத்தின் நிலையைப் பெற்றோர் அறிந்துவிட்டால், அந்தப் பணியைத் தள்ளிப்போடுவது எந்த நிர்வாகத்துக்கும் எளிதன்று.

கேள்வி: பழுதுபார்ப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குகிறார்களே, பிறகும் கட்டடங்கள் ஏன் சீரழிகின்றன?

பதில்: ஒதுக்குவது தேவைக்குக் குறைவாக இருப்பதால்தான். ஒரு கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை பராமரிப்புக்குச் செலவிட வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990-இல் பரிந்துரைத்தது. நிதிநிலை நெருக்கடி வரும்போது சம்பளத்தைக் குறைக்க முடியாது, தொடங்கிய கட்டுமானத்தை நிறுத்த முடியாது. ஆகவே பராமரிப்பில்தான் கை வைக்கிறார்கள். கூரையில் தேங்கும் நீர் கசிந்து உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும்வரை அந்தக் குறைப்பின் விளைவு கணக்கு ஏடுகளில் தெரிவதில்லை. தெரியவரும்போது வடிகாலைச் சுத்தம் செய்து நீர்த்தடுப்புப் பூச்சு பூசியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை, தளத்தையே இடித்துக் கட்டும் வேலையாக மாறியிருக்கும்.

இங்கிலாந்தில் நடந்தது இதற்குப் பொருத்தமான சான்று. எல்லா உயர்நிலைப் பள்ளிகளையும் புதுப்பிக்க 2004-இல் தொடங்கிய பெருந்திட்டம், தாமதமும் வீண்செலவும் மிகுந்தது என்ற குற்றச்சாட்டுடன் 2010-இல் நிறுத்தப்பட்டது. பின்னர் 2020-இல், பள்ளிக் கட்டடங்களைப் பராமரித்து மிக மோசமான ஆபத்துகளைத் தணிக்க ஆண்டுக்கு 530 கோடி பவுண்டு வேண்டும் என்று அந்நாட்டுக் கல்வித் துறை கணித்தது. கிடைத்ததோ சராசரியாக 310 கோடி. 2023 ஆகஸ்டு இறுதியில், பள்ளிகள் திறக்கச் சில நாள்களே இருந்தபோது, காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடைகுறைந்த ஒருவகைக் கான்கிரீட்டால் ஆன கூரைகள் முன்னறிவிப்பின்றி உடையக்கூடும் என்பதால், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூட நேர்ந்தது. அதற்கு முன்பு நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வுகள் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவையே. கான்கிரீட்டுக்குள் இருப்பதை அறிய, பொறியாளர் கருவி கொண்டு சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனைக்கான பணத்தைத் தனிச் செலவினமாகவே ஒதுக்குவது நல்லது.

கேள்வி: மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் பள்ளிகளுக்குப் பணம் செலவிடுவது வீணல்லவா?

பதில்: புதிய வகுப்பறைகளைச் சேர்ப்பது வீண்தான், இருக்கும் கூரையைச் செப்பனிடுவது வீணன்று. முப்பது பிள்ளைகள் படித்தாலும் முந்நூறு பேர் படித்தாலும் அவர்கள் உட்காரும் இடம் ஒரே அளவு பாதுகாப்பாக இருக்க வேண்டும். பள்ளியை மூடுவதே முடிவு என்றால், பிள்ளைகள் அடுத்துச் சேரும் பள்ளியில் இடமும் அங்கு சென்றுவர வசதியும் இருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்துவிட்டு, காலியாகும் கட்டடத்தை வேறு பொதுப்பணிக்குத் திருப்ப வேண்டும். 2002 முதல் 2020 வரை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை மூடிய ஜப்பானில், எஞ்சி நின்ற கட்டடங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மீண்டும் ஏதோ ஒரு பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது.

கேள்வி: கட்டடச் செலவை உள்ளாட்சிகளே ஏற்றுக்கொண்டால் வேலை விரைவாக நடக்காதா?

பதில்: சிறு பழுதுகள் விரைவாக நடக்கும், உடைந்த கதவுக்குத் தலைநகரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய செலவை உள்ளூர் வருவாயிடமே விட்டுவிட்டால், வரி வருமானம் மிகுந்த ஊரின் பிள்ளைகளுக்கு நல்ல கட்டடமும் ஏழை ஊரின் பிள்ளைகளுக்கு விரிசல் விட்ட சுவரும் வாய்க்கும். சொத்து வரியைச் சார்ந்த அமெரிக்காவில் இந்த ஏற்றத்தாழ்வு நீதிமன்றம்வரை சென்று, 1980-இல் வயோமிங் மாநில உச்ச நீதிமன்றமும் 1994-இல் அரிசோனா மாநில உச்ச நீதிமன்றமும் அந்த நிதிமுறைகளை ஏற்க மறுத்தன. எனவே அன்றாடப் பராமரிப்பை உள்ளாட்சியிடமும் பெரிய கட்டுமானத்தையும் பலப்படுத்தும் பணியையும் மேலுள்ள அரசிடமும் வைத்து, எந்தப் பள்ளிக்கு எந்த வரிசையில் பணம் போகிறது என்ற பட்டியலை அதற்கான காரணங்களுடன் அந்தந்தப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலேயே ஒட்ட வேண்டும் என்பேன்.